புரட்டாசியில் நின்ற சத்தம்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. வாய்க்காரி என்று பேர் எடுத்திருக்கிறேன். காலையில் காப்பி ஆறுகிறது என்று கூப்பிடுவதிலிருந்து ராத்திரி கதவைச் சாத்தச் சொல்வது வரைக்கும், என் வீட்டுக்காரரிடம் நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் நாலு வீடு தாண்டிக் கேட்கும். அவர் சொல்கிற பதிலோ பக்கத்தில் நிற்கிற எனக்கே பாதிதான் கேட்கும். அவ்வளவு மெல்லப் பேசுவார். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வாயில்லாப் பூச்சியாக ஒரு மனுஷன் இப்படி ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரே என்றுதான் தோன்றும். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "இன்னாம்மே, அந்த ஆளப் போட்டு தெனம் இப்டி வறுத்து எடுக்கிற?"

காரணத்தை வெளியே சொல்ல முடியாது. அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலையில் சதுரங்கப்பட்டினம் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு, புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போவார். சில நாள் மதுராந்தகத்துக்கும் லோடு இருக்கும். காது கேட்காத டிரைவருக்கு எவன் லோடு கொடுப்பான் என்பது அவர் பயம். அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அதாவது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும்.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான். "எங்க வம்சம் அப்டிமே. நைனாவுக்கும் இந்த வயசுலதான் பூடுச்சி. ஊசி போட்டா திரும்பி வரப் போவுதா?" என் மாமனாரை நான் பார்த்திருக்கிறேன். யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவார். நாளாக ஆக அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை என்று ஆகிவிட்டது. வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒற்றை ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தார். அதே சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்காரர் முகத்திலும் வந்து உட்கார ஆரம்பித்திருந்தது. கேட்காததற்கெல்லாம் சிரிப்பது, புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது. பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசு கண்ணு" என்று சொல்லி என்னிடம் நீட்டிவிடுவார். அப்பாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று அவள் கேட்பாள். நான் எதையோ சொல்லிச் சமாளிப்பேன்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் கத்திச் சொல்ல முடியாத விஷயங்கள் எத்தனை இருக்கின்றன என்பது கத்த வேண்டி வந்த பிறகுதான் புரியும். தலை வலிக்கிறது, கொஞ்சம் பிடித்து விடுங்கள் என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிப் பாருங்கள், அது அதட்டலாகத்தான் வரும். இந்தச் சட்டை உங்களுக்கு நன்றாக இருக்கிறது என்று கூவினால் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பாள். அப்படியே ஒவ்வொன்றாகச் சொல்வதை விட்டுவிட்டேன். கடைசியில் எங்களுக்குள் சோறு, டீசல், கேஸ், கதவு என்று நாலு சமாச்சாரம்தான் மிஞ்சியது.

ஆனால் வண்டியில் மட்டும் கதை வேறு. வீட்டில் கேட்காத காது வண்டி ஓடும்போது கேட்கும். எஞ்சின் எங்கள் சீட்டுக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும், நான் சாதாரணமாகச் சொல்வதற்கு அவர் சாதாரணமாகப் பதில் சொல்லுவார். முதலில் எனக்குப் பொல்லாத ஆத்திரம் வந்தது. வீட்டில் வேண்டுமென்றே கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் அதற்கே சண்டை போட்டேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசும்போது நமக்கே தெரியாமல் குரலை உயர்த்துகிறோம், நம்மைத் தொல்லை செய்கிற அந்த எஞ்சின் சத்தம் அந்த மாதிரிக் காதுகளைத் தொல்லை செய்வதில்லை என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. காரணம் எதுவாக இருந்தால் என்ன? நான் தையல் வேலை செய்கிறவள். அணுமின் நிலையக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். லைனிங் துணி, நூல் வாங்கச் செங்கல்பட்டு போக வேண்டும் என்று சாக்குச் சொல்லி அடிக்கடி அவரோடு வண்டியில் ஏறிவிடுவேன். புதுப்பட்டினத்திலேயே நூல் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும்.

அப்படி ஆவணிக் கடைசியில் ஒருநாள் போகும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். பின்னால் முழு லோடு. வண்டி கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது சீட்டுக்கு அடியிலிருந்து டொக், டொக், டொக் என்று வந்தது. மூடின கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. பாலம் இறங்கினதும் நின்றுவிட்டது.

"மாமா, எஞ்சின்ல ஏதோ தட்டுது."

"இன்னா தட்டுது? ஒன்னும் இல்லியே."

"டொக்கு டொக்குனு வந்துது. கேக்கலியா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு. என் குரல் அவருக்குக் கேட்கிறது, காலடியில் கனமாக இடிக்கிற அந்தச் சத்தம் கேட்கவில்லை. வண்டிக்கு ஒன்று என்றால் அதைச் சத்தத்தில்தான் டிரைவர் முதலில் கண்டுபிடிப்பான். இவருக்கு அது முடியாது என்றால், என்றைக்காவது நடு ரோட்டில் எஞ்சின் வாயைப் பிளக்கிற வரைக்கும் இவர் ஓட்டிக்கொண்டேதான் இருப்பார். அன்றைக்குச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு முன்னால் மேம்பாலத்தில் ஏறும்போது மறுபடியும் தட்டியது.

மத்தியானம் திரும்பி வந்ததும் நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு விடச் சொன்னேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மெக்கானிக் எங்களைவிடச் சின்ன வயசு, என் வீட்டுக்காரரை அண்ணாத்த என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். நல்ல பையன்தான், ஆனால் தன் கையில் சரியாகாத வண்டி தமிழ்நாட்டிலேயே இல்லை என்று ஒரு நினைப்பு. எஞ்சினைப் போட்டு உறுமவிட்டுப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடல்காற்று வாங்கிக்கொண்டு போய், டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவில் திருப்பி, மறுபடியும் வந்து சேர்ந்தோம். எஞ்சின் குழந்தை மாதிரி சமர்த்தாக இருந்தது. சரி, எதற்கும் வால்வுக்கு மேலே இருக்கிற டேப்பெட்டைச் சரி பண்ணிவிடுகிறேன் என்று ஏதோ முடுக்கி அனுப்பினார். நான் விடவில்லை. மறுநாள் வண்டிக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்து, அம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் சத்தமே வரவில்லை. மூன்று தடவை கூடப் போய்ப் பார்த்துவிட்டேன். பாலத்தில் ஏறினாலும் இல்லை, மேட்டில் ஏறினாலும் இல்லை. டேப்பெட்டால்தான் நின்றது என்றார் மெக்கானிக். பூசணிக்காயால்தான் என்றேன் நான். இருந்தால்தானே நிற்பதற்கு என்றார் இவர். ஆளுக்கொரு வெற்றியோடு ஒரு மாதம் நிம்மதியாக ஓடியது.

அந்த மாதம் புரட்டாசி என்பது எங்கள் மூன்று பேருக்கும் உறைக்கவே இல்லை.

தீபாவளித் துணிகள் குவிந்திருந்த சமயம். ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே லைனிங் துணி தீர்ந்துபோய் அவரோடு கிளம்பினேன். கால்வாய்ப் பாலத்தில் வண்டி ஏறியதும் டொக், டொக், டொக். முன்னைவிடக் கனமாக, கால் பலகை வரைக்கும் அதிர்கிற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மத்தியானமும் ஷெட்டுக்குப் போனோம். அன்றும் வண்டி மூச்சு விடவில்லை. மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணி, கோச்சிக்காதீங்க. வண்டி ஓட்டுற அண்ணாத்தைக்கே கேக்காதது ஒங்களுக்கு மட்டும் எப்டி கேக்குது? எதுக்கும் ஒரு தபா காத டாக்டராண்ட காட்டுங்க."

என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு நாளாக இருந்தால் அந்த ஷெட்டே அதிர்ந்திருக்கும். ஆனால் இவர் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் உதட்டைப் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று நிற்கிறார். "சரிப்பா, காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னக் குரலில் தோற்றுப்போனது கிடையாது. வீடு வந்து இறங்கும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் கரையில் மீன் ஏலம் எடுக்கிற அம்மா ஒருத்தி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். இவர் வண்டியில்தான் அவள் மீனும் போகும். அளவெடுக்கும்போது அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். "புரட்டாசி மாசம் பூரா ஏவாரம் படுத்துகிச்சிமா. பாதி ஊரு கவிச்சியத் தொட மாட்டேன்றான். பத்து பெட்டி போற எடத்துல ரெண்டு பெட்டி போவுது. இப்பத்தான் கொஞ்சம் மூச்சு வருது."

இஞ்ச் டேப் அவள் தோளில் கிடக்க, நான் அப்படியே நின்றேன். புரட்டாசியில் லோடு இல்லை. புரட்டாசியில் சத்தமும் இல்லை. ஷெட்டுக்கு நாங்கள் எப்போது போனோம்? மீனை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு மத்தியானத்தில். பூசணிக்காயும் இல்லை, டேப்பெட்டும் இல்லை. ஊரே விரதம் இருந்தது, எங்கள் எஞ்சினும் சேர்ந்து இருந்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. அந்த அம்மா, "இன்னாம்மா, ஊசி ஏதுனா குத்திகிச்சா?" என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை முழு லோடோடு வண்டி ஷெட் வாசலில் நின்றது. பின்னால் ஐஸ் கரைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏலக்கார அம்மாவிடம் நானே பேசி, செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லியிருந்தேன். மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னதும் வாயில் நுரையோடு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஐயையோ, ஆமா அண்ணி" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்க ஓடினார். அந்தப் பையனிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், தப்பு என்று தெரிந்தால் நொடியில் ஒத்துக்கொள்வார்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். நான் உட்காருகிற பக்கத்துச் சீட்டைத் தூக்கி எஞ்சினைத் திறந்தார். இவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரில் போட்டு, கிளட்சைப் பாதி விடச் சொன்னார். நின்ற இடத்திலேயே எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்கத் திணறியது. உடனே வந்தது, டொக், டொக், டொக். மெக்கானிக் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டார். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைத் தன் காதோடு அழுத்திக்கொண்டு இடம் இடமாகக் கேட்டார். அப்புறம் ஒரு சிலிண்டருக்குப் போகிற டீசல் பைப்பைக் கொஞ்சம் தளர்த்தினார். சத்தம் அமுங்கியது. முடுக்கினார், திரும்ப வந்தது.

"பேரிங் போயிருக்கு அண்ணாத்த. இந்த சிலிண்டர்தான். வெறும் வண்டில பேசாது, பாரம் ஏறுனாத்தான் தட்டும். இப்டியே ஓட்டிகினு இருந்தீனா ராடு ஒடஞ்சி எஞ்சின பொத்துகினு வெளிய வந்துருக்கும்."

இவர் தலையாட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து மெக்கானிக் தப்பாக எடுத்துக்கொண்டார், அண்ணாத்த இன்னும் நம்பவில்லை என்று. "நம்பலியா? நீயே வந்து கேளு. கிளட்ச நான் புடிச்சிக்கறேன்" என்று இவரை இறக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்துத் தான் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இவர் குனிந்து நுனியை எஞ்சினில் வைத்தார். கைப்பிடியைக் காதுத் துவாரத்துக்கு எதிரில் சும்மா பிடித்துக்கொண்டார். தலையாட்டினார். நடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் கணவர் எதற்கு எப்படி நடிப்பார் என்பது எனக்கு மனப்பாடம்.

"அப்டி இல்ல அண்ணாத்த, காதுக்குப் பின்னால எலும்புல வெச்சு நல்லா அமுக்கு" என்று மெக்கானிக் மேலேயிருந்து சைகையோடு கத்தினார்.

அமுக்கினார். அமுக்கினவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். சூடு பட்டவர் மாதிரி. திரும்பவும் வைத்தார். எடுத்தார். வைத்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். வெகுநேரம் நின்றார். கிளட்சைப் பிடித்து மெக்கானிக்குக்குக் கால் வலித்திருக்கும்.

கடைசியில் நிமிர்ந்து என்னிடம் வந்தார். "இடிக்குதுமே" என்றார். "உள்ள எவனோ சம்மட்டி வெச்சு இடிக்கிறான். நல்லா கேக்குது." மெக்கானிக்குக்கு இது பெருமை. எங்கள் இருவருக்கும் மட்டும் இது வேறு.

அன்றைக்கு வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, லோடை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தோம். எனக்கு வேலையே ஓடவில்லை. காது செத்துப்போயிருந்தால் எலும்பில் வைத்தது எப்படிக் கேட்கும்? சாயங்காலம் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் போனில் ஒரு பாட்டைப் போட்டு அவர் காதருகில் நீட்டினேன். இல்லை என்று தலையசைத்தார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஒட்டி அழுத்தினேன். அவர் விரல் தாளம் போட ஆரம்பித்தது.

போனைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து, என் தாடையை அவர் காதுக்குப் பின்னால் அந்த எலும்பில் அழுத்தி வைத்தேன். எத்தனை வருஷமாகச் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தேன், எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான். "தோசைக்கு மாவு இல்ல."

கத்தவில்லை. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"கடையில வாங்கியாறேன்" என்றார். சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதாம்மே உன் கொரலு. மறந்தே பூட்டேன்" என்றார். நான் தாடையை எடுக்காமலே அழுதேன். அந்த அழுகையும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்த வாரமே செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை வம்சக் கதை எதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காது பார்க்கிற டாக்டரம்மா ஒரு இரும்புக் கவையைத் தட்டி ரீங்கரிக்க வைத்து அவர் காதுக்கு எதிரில் காட்டினார். இல்லை என்றார் இவர். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், அவருக்கு ஏன் என்று புரிந்திருக்காது. வேறு சோதனைகளும் எடுத்த பிறகு சொன்னார்: நரம்பு நன்றாக இருக்கிறது, காதுக்குள் அரிசியைவிடச் சின்னதாக ஒரு எலும்பு, அது அசையாமல் இறுகிப் போயிருக்கிறது, சில குடும்பங்களில் இது வரும், ஆபரேஷன் செய்து அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒன்றைப் பொருத்தலாம்.

"ஜாம் ஆயிகிச்சா?" என்று கேட்டார் இவர்.

"ஆமா, ஜாம்தான்" என்றார் டாக்டரம்மா. காது மிஷினும் மாட்டிக்கொள்ளலாம், அது உங்கள் விருப்பம் என்றார். ஆபரேஷனில் பெரும்பாலும் நன்றாகிவிடும், ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு இருப்பதும் போய்விடுவது உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்டதும் இவர் முகம் வாடியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "இருக்கறதும் பூடுச்சின்னா இன்னாமே பண்றது?" என்றார். திருக்கழுக்குன்றம் தாண்டின பிறகு, "வேணாம்னா வேணாம் மாமா. தாடைய வெச்சே பேசிக்கலாம்" என்றேன். நிறுத்தத்தில் ஏற நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

மெக்கானிக் எஞ்சினைப் பிரித்திருந்தார். தேய்ந்துபோன பேரிங்கைப் பார்க்க இவர் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பிரிச்சி மாட்டிடலாம்மே."

"வண்டியத்தான் பிரிச்சாச்சே!" என்று நான் அடுப்படியிலிருந்து கூவினேன்.

"வண்டிய இல்ல." துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு நின்றார். "எத்தினி நாளைக்குத்தான் நீயும் கத்திகினே இருப்ப? உன் தொண்டையாவது பொழைக்கட்டும்."

ஆபரேஷன் நடந்தது. ஒரு காதில் மட்டும். அவரை உள்ளே கூட்டிப் போன நேரத்தில் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாத தெய்வம் இல்லை. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கனம் தூக்கக் கூடாது, சளி சிந்தக் கூடாது, கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடக் கூடாது என்றார்கள். காதுக்குள் வைத்திருந்த பஞ்சை எடுக்கிற வரைக்கும் போனதா வந்ததா என்று தெரியாது. இரண்டு பேரும் பயந்துபோய் இருந்தோம்.

பஞ்சை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. இவர் காதைப் பொத்திக்கொண்டார். "யப்பா, இன்னா பேஜாரு இது!" என்று முகத்தைச் சுளித்தார். நான் அந்த பஸ் டிரைவருக்கு மனதுக்குள் கோடி நன்றி சொன்னேன்.

அப்புறம் வீட்டில் எனக்குத்தான் ரோதனை. ஃபேன் ஏன் இப்படிக் கத்துகிறது என்பார். குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுவார். என் தையல் மெஷினைப் பார்த்து, "இத்த வெச்சிகினு நாள் பூரா எப்டி உக்காந்துகினு கீற?" என்றார். மகளோடு போனில் பேசிப் பேசி சார்ஜ் தீர்த்தார். என்னால்தான் குரலைக் குறைக்க முடியவில்லை. பழகின தொண்டை. சாப்பிட வாங்க என்பேன், "ஏம்மே கத்துற, இங்கதான கீறேன்" என்பார். நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழகினேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் வந்து, உங்களுக்குள் ஏதும் மனஸ்தாபமா, சத்தமே காணோமே என்று விசாரித்தாள்.

டாக்டரம்மா வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு முதல் லோடு. மதுராந்தகத்துக்கு. கரையில் ஏற்றிக்கொண்டு வந்து, நாஸ்தா சாப்பிட வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். சாப்பிட்டு முடித்து ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். கரையிலிருந்து முழுப் பாரத்தை இழுத்து வந்தபோதும் எஞ்சின் தட்டவில்லையாம். நான் வாசலில் நின்றேன்.

அவருக்குக் காது மந்தமான நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர் வண்டி எடுக்கும்போது, வாசலில் நின்று, அவர் முதுகுக்கு மெல்ல ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன். கேட்காது என்ற தைரியத்தில்தான் சொல்வது. அன்றைக்கும் வழக்கம் போல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்ன வுட்டுட்டு முன்னாடி பூடாதய்யா."

அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. கதவைத் திறந்து பாதி இறங்கி, கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"இத்தத்தான் தெனம் சொல்லிகினு இருந்தியாமே?" என்றார். "கண்ணாடில பாப்பேன், உன் வாயி அசையும். நீ திட்டுறன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."